செல்வம் கல்யாணம் கட்டலாமா

ஜூலை 30, புதன்

கச்சான் காற்று. காலை எட்டு மணிக்கே ஹார்ட்வெயார் கடைத் தகரம் சுட்டது. லொறியிலிருந்து ஒன்றரை அங்குலக் குழாய் இறக்கியது. முதுகு போய்விட்டது. மு. (முதலாளி) பக்கத்தில் நின்று "பார்த்து, பார்த்து" என்று சொன்னார். அதுதான் அவர் செய்த வேலை.

வாங்க: சவர்க்காரம். போனுக்கு டேட்டா. தங்கச்சி வசந்தியின் மூத்தவளுக்குக் கொம்பாஸ் பெட்டி.

இந்த டயறி பெயின்ட் கம்பனிக்காரன் தந்தது. ஏழு மாதம் வெறுமையாகக் கிடந்தது. போனில் எழுதப் பயம், தங்கச்சியின் பிள்ளைகள் எடுப்பார்கள். பெயின்ட் டயறியை ஆரையம்பதியில் எவனும் திறக்கமாட்டான்.

பகல் மாமா வந்தார், வெல்லாவெளியிலிருந்து, கதவுப் பிணைச்சல் எடுக்க. மாமா என்றால் இன்னும் ஐந்து கிழமையில்தான் மாமா. எனக்குப் பேசியிருக்கிற பொம்பிளையின் தகப்பன். "மருமகன், நீங்களே பார்த்துத் தாங்க. நீங்க இரிக்கப் போற வீடுதானே" என்றார். பித்தளையில் ஆறு சோடி எடுத்துக் கொடுத்தேன். முன்கதவுப் பூட்டும் நான்தான் தெரிந்தேன். நல்ல பூட்டு, உள்ளே இருந்து மூன்று தரம் திருப்பலாம். தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டவர்கள் இருக்கிறார்கள். பூட்டை எடுத்துக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தவன் நானாகத்தான் இருக்கும்.



ஆகஸ்ட் 2, சனி

வெயில். காற்று. தூசி.

தொடர்கதையின் அத். 41 வந்தது. சனி பின்னேரம் நாலு மணிக்குப் போனில், எங்களைப் போன்றவர்களின் குழுவில் விழும். 'எட்டாம் நம்பர் பஸ்'. டிரைவர் செல்வமும் கொண்டக்டர் மணியும். ஒரு பஸ், இரண்டு ஆண்கள், நாற்பத்தொரு கிழமை. எழுதுகிறவர் மழைக்காரன். தமிழ்நாட்டுக்காரர் என்று பேச்சில் தெரியும், மற்றது ஒன்றும் தெரியாது. அங்கே யாருக்கும் உண்மைப் பெயர் இல்லை. என் பெயர் வாஷர். சேர்ந்த அன்று கையில் இருந்த சாமான்.

இருபத்தெட்டு வயது வரைக்கும் உலகத்தில் நான் ஒருத்தன்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். சொன்னால் சிரிப்பார்கள். மடைத்தனம்தான். ஆனால் இங்கே யாரிடம் போய்க் கேட்பது? இப்போது முப்பத்துநாலு. அந்தக் குழு இல்லாவிட்டால் என்ன ஆகியிருப்பேன் என்று யோசிக்கப் பிடிக்கவில்லை.

41இல் செல்வத்தின் தாய் பெண் பார்த்துவிட்டாள். செல்வம் வேண்டாம் என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்து ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டு இருக்கிறான். மணி சில்லறைப் பையைக் கழற்றி எஞ்சின் மூடிக்கு மேல் வைத்துவிட்டு இறங்கிப் போகிறான். களஞ்சியத்துக்குள் குழாய்க் கட்டின் மேல் இருந்து அழுதேன். மு. கூப்பிட்டார். சீமெந்து கண்ணுக்குள் போய்விட்டது என்றேன். "தண்ணி அடிச்சுக் கழுவு" என்றார். நல்ல மனிதன்.

கடைசியில் மழைக்காரன் ஒரு வாக்கெடுப்பு வைத்திருக்கிறார். செல்வம் கல்யாணம் கட்டலாமா? ஒரு கிழமை தவணை. கூடுதலானவர்கள் சொல்வதுபோல எழுதுவாராம்.

'கூடாது' என்று போட்டேன். கீழே எழுதியும் விட்டேன்: செல்வம் ஒரு கோழை, ஒரு பொய்க்குத் தாலி கட்டப் போகிறான், அவனுக்கு மணி கிடைத்ததே பெரிய காரியம். எத்தனையோ பேர் இதயம் போட்டார்கள்.

எழுதினவர் யார்? செப்டம்பர் முதல் கிழமையில் மாலை போட இருக்கிற மாப்பிள்ளை. ஊருக்கு உபதேசம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கடை அரை நாள்.

வசந்தி மீன் வெட்டிக்கொண்டே சொன்னது: "அண்ணா, நீங்க அங்கால போனாப்போல அந்த முன்னறைய மூத்தவளுக்குப் படிக்கக் குடுப்பம் எண்டு பார்க்கிறன். சுவருக்கு ரோஸ் கலர் கேக்கிறாள்." ஓம், நல்லது என்றேன். பெயின்ட் கொண்டுவருகிறேன் என்றும் சொன்னேன். அவளில் பிழையில்லை. வீடு அவளுடையது. அம்மா இருக்கும்போதே அவளுக்கு எழுதியது, அவளுடைய கல்யாணத்துக்கு. எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

பின்னேரம் குழுவில் சண்டை. தேங்காய்ப்பால் என்ற பெயரில் ஒருவர், சென்னை என்று நினைக்கிறேன். "என்னங்க இது, செல்வம் முடியாதுன்னு சொல்லிட்டு அவன் பாட்டுக்கு அவன் வீட்ல இருக்க வேண்டியதுதானே? யாரு கழுத்தைப் பிடிச்சுத் தள்ளப் போறா?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது? யோசிக்காமல் தட்டினேன்:

"எல்லா ஊரிலயும் ஆம்பிளைக்கு வீடு இரிக்காது. எங்கட பக்கம் தாய்ட வீடு மகளுக்கு. கட்டினா பொம்பிளைட வீட்ட போகணும். கட்டாட்டித் தங்கச்சிட வீட்டு முன்னறையில கிடக்கணும், அதுவும் பிள்ளைகள் வளருமட்டும். போறத்துக்கு இடம் இல்லாதவன் என்னண்டு முடியாதெண்டு சொல்ற?"

பதினொரு நிமிடம் கழித்து அழித்தேன். 'எங்கட பக்கம்' என்று எழுதியிருக்கிறேன், முட்டாள். இந்த வழமை எத்தனை ஊரில் இருக்கிறது?

அழித்து முடியத் தனிச் செய்தி ஒன்று. வெள்ளாமை என்ற பெயரிலிருந்து. குழுவில் அதிகம் பேசாத ஆள், எப்போதாவது ஒரு வரி. "நீங்க மட்டக்களப்பா?"

போன் கை நழுவித் தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் விழுந்தது. பதில் போடவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது. கடைக்கு வருகிற ஒவ்வொருவனும் வெள்ளாமையாகத் தெரிகிறான். ஒருவர் குளியலறைக் குழாய் எடுக்க வந்தார். என்னையே பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். வேர்த்துவிட்டது. கடைசியில் "தம்பி, உங்கட சேட்டில பெயின்ட்" என்றார்.

மத்தியானம் இன்னொரு செய்தி: "நீங்க எழுதினத வாசிச்சிட்டன்."

மிரட்டல்தான் வரப் போகிறது. வசந்திக்குத் தெரிந்தால். மு.வுக்குத் தெரிந்தால். மாமாவுக்கு. இந்த ஊரில் ஒரு செய்தி பிரதான வீதியைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கும்?

தேத்தண்ணி மட்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கடை விட்டு வாவிக்கரைக்குப் போனேன். இறால் தோணிகள். தண்ணீர் வற்றிச் சேறு நாறியது. எங்கேயாவது போய்விடலாம் என்று நின்றேன். எங்கே என்று யோசித்தால் ஒரு இடம் வரவில்லை. கொழும்பில் எனக்கு ஒருத்தரும் இல்லை. இருட்டுமட்டும் நின்றேன். ஒரு கிழவர் தோணியை இழுத்துக் கட்டிவிட்டு, "மனே, ஆரைப் பார்க்கிறாய்?" என்றார். ஒருத்தரையும் இல்லை என்றேன். வீட்டுக்குப் போ என்றார்.

போனேன், தங்கச்சி வீட்டுக்கு.

ஆகஸ்ட் 6, புதன்

வெள்ளாமையிலிருந்து நீண்ட செய்தி. களஞ்சியத்துக்குள் இருந்து வாசித்தேன். பிறகு கணக்கை மூடினால் போய்விடும், அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

"பயப்பிடாதீங்க. நான் ஆம்பிளை இல்ல. கல்குடாப் பக்கம். நீங்க ஆரெண்டு எனக்குத் தெரியா, தெரியவும் வேணாம். என்ட மனுசன் எங்கட வீட்டுக்கு ஒரு பேக்கோட வந்தவர். நாலு வருசம் இருந்தவர். ஒருநாளும் கை நீட்டினதில்ல, சத்தம் போட்டதில்ல. கிணத்துக்கு மூடி அடிச்சவர், கோழிக்கூடு கட்டினவர். ஒருநாள் வேலையால வந்து அதே பேக்க எடுத்திட்டுப் போயிட்டார். ஏனெண்டு சொல்லல்ல. ஊர் என்னத்தான் சொன்ன. வாய்க்காரி, மலடி, மனுசனை வெச்சிருக்கத் தெரியாதவள். அம்மா என்னைக் கூட்டிட்டுப் போகாத கோயில் இல்ல.

அவர்ர பழைய போன் அலுமாரிக்குள்ள கிடந்தது. சார்ச் போட்டன். இந்தக் குழு இருந்தது. முதலாம் அத்தியாயத்தில இருந்து வாசிச்சன். நாப்பத்தொண்டையும் ரெண்டு தரம். அதில செல்வம் இரிக்கார், மணி இரிக்கார், பஸ்சுக்குக் கூட நம்பர் இரிக்கி. கட்டப் போற பொம்பிளைக்கு ஒரு பேர் இல்ல.

ஒண்டு கேக்கிறன். நாலு வருசத்தில ஒரு நாளெண்டாலும் எனக்குச் சொல்லணும் எண்டு நினைச்சிருப்பாரா?"

கடையில் கூட்டம். ஆணி நிறுத்துக் கொடுத்தேன், வயர் அளந்து வெட்டினேன். ஒரு கை அளவு கூட வெட்டிவிட்டேன், மு. ஏசினார். பிறகு பதில் போட்டேன். "ஒவ்வொரு நாளும் நினைச்சிருப்பார்."

"எப்பிடித் தெரியும்?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

அதற்குப் பதில் தெரிந்திருந்தால் நான் வேறு ஆளாக இருந்திருப்பேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

விடிய எழும்பி வெள்ளாமைக்கு எழுதினேன். "எனக்குச் செப்டம்பரில கல்யாணம்."

இரண்டு நீலக் கோடு. பதில் இல்லை. காலை முழுக்க இல்லை. திட்டுவா என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் ஆறியிருக்கும். மூன்று மணிக்கு வந்தது, ஒரே வரி:

"அவட பேர் என்ன?"

நேற்று வாசித்தபோது மழைக்காரனில்தான் கோபம் வந்தது, ஒரு பெயர் வைக்கக் கூடாதா என்று. இன்று இந்தக் கொப்பியைத் திருப்பிப் பார்த்தேன். மாமாவுக்கு இடம் இருக்கிறது, மு.வுக்கு இடம் இருக்கிறது, பூட்டுக்கு நாலு வரி இருக்கிறது. அவள் 'பொம்பிளை'.

தர்சினி. முப்பத்தொரு வயது. வெல்லாவெளியில் முன்பள்ளி ஆசிரியை. இரண்டு தரம்தான் கதைத்திருக்கிறேன். ஒரு தரம், எனக்குச் சீனி போடுவதா என்று கேட்டாள். மற்றது நிலை வைத்த அன்று: "உயரம் காணுமா? நீங்க நெட்டையல்லவா, தலை இடிக்கும்" என்றுவிட்டு, மேசனிடம் சொல்லி இரண்டு அங்குலம் கூட்டினாள். எனக்காகக் கதவை உயர்த்தியவள்.

"தர்சினி" என்று அனுப்பினேன். 

ஆகஸ்ட் 8, வெள்ளி. போயா

பௌர்ணமி விடுமுறை, கடை பூட்டு. புது வீட்டுச் சமையலறைத் தட்டுக்கு அளவெடுக்கப் போகிறேன் என்று வசந்தியிடம் சொன்னேன். வெள்ளைச் சேட் போட்டு அனுப்பினாள். களுவாஞ்சிக்குடியில் பஸ் மாறி, பட்டிருப்புப் பாலம் தாண்டி, வெல்லாவெளிக்கு. பாலத்தில் காற்று. மூன்று தரம் இறங்கிவிட நினைத்தேன்.

வயல் வட்டையில் அறுவடை நடக்கிறது, மாமா மெஷினோடு அங்கே. தர்சினியும் தாயும் மட்டும் வீட்டில். தாய் தேத்தண்ணி தந்துவிட்டுப் பழைய வீட்டு வாசலில் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தா. பேச்சுக் கேட்காது, முகம் தெரியும். நாங்கள் புதிய வீட்டுக் குசினிக்குள், யன்னல் இன்னும் பொருத்தவில்லை.

தர்சினி அளவு நாடாவின் ஒரு நுனியைப் பிடித்தாள். மற்ற நுனி என் கையில்.

என்ன சொன்னேன் என்று ஒழுங்காக ஞாபகம் இல்லை. பஸ்ஸில் யோசித்து வைத்தது ஒன்றும் வரவில்லை. உங்களில் பிழையில்லை என்று தொடங்கினேன். எனக்குப் பொம்பிளைகளில் அப்படி மனம் போவதில்லை என்றேன். ஆம்பிளைகளில்தான். சின்ன வயதிலிருந்து. இதைச் சொன்னபோது என் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

அவள் நாடாவை விடவில்லை. "அம்மா பார்க்கிறா. சிரிச்ச மாதிரி இரிங்க" என்றாள்.

சிரித்தேன். அவளும் சிரித்தாள். அப்படியே நின்றோம்.

"எத்தின பேருக்குத் தெரியும்?"

"இங்க உங்களுக்கு மட்டும்."

"மாறாதா?"

"பதினாறு வயசில இருந்து பார்க்கிறன். மாறல்ல."

"நிலை வெக்க முதல் சொல்லியிரிக்கலாம்."

"ஓம்."

"பொண்ணு பார்க்க வந்த அண்டைக்கே சொல்லியிரிக்கலாம்."

"ஓம்."

"எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொல்றதுதான் உங்கட நோய் போல."

 நாடாவைச் சுற்றி மடித்தாள். கண் சிவந்திருந்தது. முகம் மட்டும் அந்தச் சிரிப்பிலேயே நின்றது. முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்னால் பழகியிருப்பாள். "நீங்க ஒருத்தருக்கும் வாய் திறக்க வேணாம். சொன்னீங்க எண்டா உங்கள ஊரில இரிக்க விடமாட்டாங்க. எனக்கு வேணாம் எண்டு நானே அப்பாட்டச் சொல்றன்."

"உங்களுக்குத்தான் பேச்சு வரும்."

"வரும். வீடு என்டதானே."

பஸ்ஸுக்கு வந்தபோது தாய் ஒரு பை நிறையப் புது நெல்லரிசி தந்தா. வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சூடாக இருந்தது.

ஆறுதல் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. வெட்கம்தான்.

ஆகஸ்ட் 9, சனி

வாக்கெடுப்பு முடிவு. 'கூடாது' வென்றது, பெரிய வித்தியாசம். குழுவில் கொண்டாட்டம், பட்டாசுப் படங்கள். அத். 42இல் செல்வம் கல்யாண வீட்டுப் பந்தலிலிருந்து எழும்பி ஓடிப் போய் மணியின் பஸ்ஸைப் பிடிக்கிறான். தேங்காய்ப்பால் எழுதியிருந்தது: "கண்ணுல தண்ணி வந்துருச்சு."

முன்னொரு நாள் என்றால் எனக்கும் வந்திருக்கும். இன்று, பந்தலில் இருந்தவள் என்ன ஆனாள் என்றே தேடினேன். ஒரு வரி இல்லை. மழைக்காரனுக்கு எழுதினேன், அவளுக்கு ஒரு பெயராவது வையுங்கள் என்று. "அவ ரெண்டு சீன்தான் வர்றா தோழர்" என்று பதில் போட்டார், கூடவே கும்பிடுகிற கை.

வெள்ளாமைக்கு: "சொல்லிட்டன்."

"அழுதவவா?"

"இல்ல."

"நீங்க போனாப்போல அழுதிருப்பா" என்று எழுதினா. கொஞ்சம் கழித்து, "நான் எண்டா அடிச்சிருப்பன். அடிச்சிட்டுச் சோறு போட்டிருப்பன். சொல்லியிருந்தார் எண்டா." பிறகு பார்த்தால் குழுவில் அந்தப் பெயர் இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

மழை மூட்டம், மழை இல்லை.

பத்து மணிக்கு மாமா கடைக்கு வந்தார். பூட்டைத் திருப்பித் தந்தார், கடதாசி பிரிக்கவில்லை. "தம்பி, என்ட மகளுக்குப் பைத்தியம் பிடிச்சிட்டு. மன்னிச்சிக் கொள்ளுங்க" என்றார். மருமகன் இல்லை, தம்பி. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வயதானவர், என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மு. அவருக்குச் சோடா எடுத்துக் கொடுத்தார்.

மத்தியானத்துக்குள் வசந்திக்குத் தெரிந்துவிட்டது. சாப்பிடப் போனபோது மீன் பொரித்து வைத்திருந்தாள், தலைத் துண்டு எனக்கு. "சாப்பிடுங்க அண்ணா. கவலைப்படாதீங்க" என்றாள். பக்கத்திலேயே இருந்து விசிறினாள். "முப்பத்தொரு வயசில என்ன திமிர் பாருங்க. படிப்பிக்கிறாளாம். அவ ஆரையோ வெச்சிரிக்கா, அதான் கதை. நான் விடமாட்டன், பின்னேரம் போய் அவட மாமியாக்களுக்குச் சொல்லிட்டுத்தான் வருவன். இனி ஒருத்தன் அந்த வளவுக்குள்ள கால் வெக்கப்படாது."

பிறகு சொன்னாள், "அறையப் பற்றி யோசிக்காதீங்க. பிள்ளை மண்டபத்தில இருந்து படிக்கட்டும். உங்களுக்கு இல்லாத இடமா?"

வேண்டியது எல்லாம் கிடைத்துவிட்டது. கல்யாணம் இல்லை. அறை இருக்கிறது. மீன் தலை இருக்கிறது. வாய் திறக்காமல் இருந்தால் போதும், சாகும்வரை என்மேல் பரிதாபப்பட்டுச் சோறு போடுவார்கள். தர்சினி வெல்லாவெளியில் இன்னொரு வெள்ளாமையாக ஆவாள், உயர்த்தி வைத்த கதவோடு.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு முன்னறையில் இருந்து எழுதுகிறேன். நாலரை. வசந்தி சாரி மாற்றிவிட்டாள், குடையைத் தேடுகிறாள். ஐந்து மணி பஸ்.

கூப்பிட்டேன். "வசந்தி, போகாத. இஞ்ச வந்து இரி."

"பஸ் போயிடும் அண்ணா. வந்து கேக்கிறன்."

"அவ ஆரையும் வெச்சிரிக்கல்ல."

வாசலில் நின்றுவிட்டாள். கையில் குடை. "உங்களுக்கு என்னண்டு தெரியும்?" என்று கேட்கிறாள். கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை, என் முகத்தையே பார்க்கிறாள். அம்மாவின் கண். தர்சினியில் ஒரு பிழையும் இல்லை என்ற வசனம் வாயில் இருக்கிறது. அதற்கு அடுத்தது இன்னும் இல்லை. பேனையை வைக்கச் சொல்கிறாள். வைக்கிறேன்